காற்றுக்குப் பால்பேதம் இல்லை

எடின்பரோவின் நார்த் பிரிட்ஜ் மேல் எப்போதும் காற்றுதான். கீழே வேவர்லி ரயில் நிலையம். பள்ளத்தைத் துடைத்துக்கொண்டு வரும் காற்று பாலத்தில் ஏறி மனிதர்கள் மேல் மோதும். ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்த நான், பன்னிரண்டு ஊக்கு குத்திய சேலையும் இரவல் கோட்டுமாக அதைக் கடந்துகொண்டிருந்தேன். முன்னால், இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு, கில்ட் அணிந்த ஒருவர். ஐம்பது வயதிருக்கும். அவருக்குச் சற்றுத் தள்ளி, கட்டம்போட்ட சீருடைப் பாவாடையில் ஒரு பள்ளிச் சிறுமி. காற்று வீசியது. இருவர் துணியும் எழுந்தது.

அவர் பைகளைக் கீழே வைக்கக்கூட இல்லை. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் திரும்பிச் சிரித்து, நாடகம் முடிந்த நடிகரைப்போலத் தலைதாழ்த்திவிட்டு நடந்தார். சிறுமி புத்தகப் பையைத் தரையில் போட்டாள். இரண்டு கைகளாலும் பாவாடையை அழுத்தினாள். யார் பார்த்தார்கள் என்று சுற்றிலும் தேடினாள். என் கை, நான் சொல்லாமலே, என் முந்தானைக்குப் போயிருந்தது.

அந்த மூன்று பேரின் கைகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

கில்ட்டின் கட்டமைப்பு நமக்கு அந்நியமானதல்ல. சேலை ஆறு கெஜம் என்றால் முழுக் கில்ட் எட்டு கெஜம். முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தட்டை மடல்கள். கொசுவம் முழுவதும் பின்னால். அதனால் காற்று பின்னால்தான் பிடிக்கும். உட்காரும்போது கொசுவத்தைக் கையால் ஒதுக்கி அமர வேண்டும். மறந்தால் குளிர்ந்த நாற்காலி ஞாபகப்படுத்தும். தாழ்ந்த சோபா, மாடிப்படி, குனிந்து எடுக்க வேண்டிய சாவிக்கொத்து எல்லாமே ஆபத்து. முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பைதான் பாதி மானத்தைக் காக்கிறது. கில்ட்டுக்கும் ஓர் ஊக்கு உண்டு. ஆனால் அது மேல்மடலில் மட்டும் குத்தப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிணைப்பதில்லை. அது அணிகலன். என் பன்னிரண்டு ஊக்குகள் காவலாளிகள்.

உள்ளே என்ன அணிகிறார்கள் என்ற கேள்வியே ஸ்காட்லாந்தின் தேசிய நகைச்சுவை. ஒன்றும் அணியாதவனே உண்மையான ஸ்காட்டிஷ்காரன் என்பது பெருமிதம். இந்தப் பெருமிதம் பகிரங்கமாக அம்பலப்பட்ட நாட்களும் உண்டு. 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்த சமயத்தில், பிளாக் வாட்ச் படைப்பிரிவின் சிப்பாய் ஒருவரின் கில்ட்டைக் காற்று தூக்கிய படம் உலகம் சுற்றியது. 2004இல் படைப்பிரிவுக் குழுப்படம் ஒன்றில், எலிசபெத் இராணியின் பக்கத்திலேயே அமர்ந்த அதிகாரியின் கில்ட் விலகியிருந்தது. இரண்டும் பத்திரிகைகளுக்குச் சிரிப்புச் செய்தி. அந்தச் சிப்பாயின் வளர்ப்பை யாரும் கேட்கவில்லை. அந்த அதிகாரியின் தாயை யாரும் இழுக்கவில்லை.

இதே காற்று ஒரு பெண்ணின் மேல் வீசிய கதையும் உலகத்துக்குத் தெரியும். 1954இல் நியூயார்க் நடைபாதையில், சுரங்க ரயிலின் காற்றுக்கூண்டு மேல் மர்லின் மன்றோவை நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். அது விபத்தல்ல, ஏற்பாடு. 2011இல் அந்தக் கணத்தை 26 அடிச் சிலையாக்கிச் சிகாகோவில் நிறுத்தினார்கள். வந்தவர்கள் அவள் கால்களுக்கிடையே நின்று, அண்ணாந்து பார்த்துப் படமெடுத்துக்கொண்டார்கள். அந்தச் சிப்பாய்க்கு எங்காவது சிலை உண்டா? அவன் பின்புறத்தின் கீழே குடும்பத்தோடு நின்று படமெடுக்க வரிசை நிற்குமா?

கில்ட் ஆணுடையதாக இருப்பதும் இயற்கை அல்ல. 1746ஆம் ஆண்டின் உடைச் சட்டம் ஹைலாந்து உடையைத் தடைசெய்தபோது, ஆணும் சிறுவனும் அணியக்கூடாது என்றுதான் சொன்னது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். பிரிட்டிஷ் படையில் சேர்ந்தவனுக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கியபோது கில்ட் ஆண்வீரத்தின் கொடியாகத் திரும்பிவந்தது. பின்னாளில் பெண்கள் ஹைலாந்து நடனப் போட்டிகளில் நுழைந்து கில்ட்டோடு ஆடினார்கள். 1950களில் அபாய்ன் ஊரின் விளையாட்டு விழாக் குழு பெண்களுக்குக் கில்ட்டை மறுத்து, பாவாடையும் உள்பாவாடையுமாகத் தனி உடையை விதித்தது. அவன் அணிந்தால் மரபு. அவள் அணிந்தால் மரபுமீறல்.

‘சிரித்துவிட்டுப் போகவேண்டியதுதானே, நீங்களும் அந்த ஆளைப்போல?’ என்று கேட்பவர்கள் உண்டு. சிரிக்க முடியாததற்குக் காரணம் நம்மிடம் நகைச்சுவை உணர்வு இல்லை என்பதல்ல. 2017இல் லண்டன் ஹைட் பார்க் இசைவிழாவில் ஜினா மார்ட்டின் என்ற இளம்பெண்ணின் பாவாடைக்குக் கீழே ஒருவன் கைபேசியை நீட்டிப் படமெடுத்தான். அவர் அந்தக் கைபேசியைப் பறித்துக்கொண்டு காவலரிடம் ஓடினார். உள்ளாடை அணிந்திருந்ததால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அவர் விடவில்லை. 2018 ஜூனில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது கிறிஸ்டோபர் சோப் என்ற உறுப்பினர் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்ற ஒற்றைச் சொல்லால் அன்று அதை நிறுத்தினார். அவருடைய அலுவலக வாசலில் பெண் உள்ளாடைகளைத் தோரணமாகக் கட்டியது யாரோ நகைச்சுவை உணர்வுள்ளவர்தான். 2019 ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது சட்டமானது. ஸ்காட்லாந்து 2010இலேயே இதைக் குற்றமாக்கியிருந்தது.

இந்தச் சட்டங்கள் கில்ட் அணிந்த ஆணையும் காக்கின்றன. காக்கத்தான் வேண்டும். மதுக்கூடங்களிலும் திருமண விருந்துகளிலும் ‘உள்ளே என்ன?’ என்று கேட்டுக் கில்ட்டைத் தூக்கிப் பார்க்கும் பெண்கள் உண்டு. 2017இல் இன்வர்னெஸ் மதுக்கூடம் ஒன்றின் ஊழியர்கள் இதனாலேயே வேலைநேரத்தில் கில்ட் அணிவதை நிறுத்தினார்கள். இதைச் சொன்னால் ‘பார், பெண்களும்தான்’ என்று வாதத்தை முடித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முடியாது. அனுமதியில்லாமல் நீளும் கை எந்தப் பாலுக்குரியதானாலும் தவறு. அந்த ஆண்களை வாய்மூடவைப்பது பெண்ணியமல்ல. ஆணுக்கு வலிக்காது, ஆண் சிரித்துவிடுவான் என்ற அதே ஆணாதிக்க விதிதான். அவனைச் சிரிக்கச் சொல்லும் விதியும் அவளைக் குறுகச் சொல்லும் விதியும் ஒரே தறியில் நெய்தவை.

நம் ஊருக்கு வருவோம். 2014 ஜூலையில், வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விட மறுத்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மறுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. நல்ல சட்டம், நான் எதிர்க்கவில்லை. ஆணின் உடைக்கு நேர்ந்த அவமானம் எவ்வளவு வேகமாக இனத்தின் அவமானமாகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி கல்லூரி விழா மேடையில் நடனமாடியபோது முந்தானை சரிந்தது. நான்கு நொடி இருக்கும். ஒருவன் அதைக் கைபேசியில் பிடித்தான். மாலைக்குள் எல்லாக் குழுக்களிலும் சுற்றியது. ஒன்பது நாள் அவள் வரவில்லை. வந்த அன்று என்னிடம் சொன்னாள்: “மேம், நான் இன்னும் ரெண்டு ஊக்கு குத்தியிருக்கணும்.” அந்த வாரம் சுற்றறிக்கையும் வந்தது. மாணவிகள் மேடையேறுமுன் ஆடையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்றது. படம் எடுத்தவனைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

நட்பு அதிகாரத்தில் வள்ளுவர், ஆடை நழுவும்போது விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார். ஆடை நழுவியவரை ஆண்பாலில் சொன்னார். பொதுவாகச் சொன்னது என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்லலாம். இருபதாண்டாக வகுப்பில் அதை நடத்துகிறேன். அவளிடம் அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆணின் துணி நழுவினால் உதவ ஒரு கை வருகிறது. பெண்ணின் துணி நழுவினால் கைபேசியோடு ஒரு கை வருகிறது.

சேலையைக் கட்டுவதா விடுவதா என்பதல்ல என் வழக்கு. துணி நழுவும், அது துணியின் இயல்பு. காற்று வீசும், அதற்கும் யாரும் பொறுப்பல்ல. கைபேசியை உயர்த்துபவன் பொறுப்பு. அதைப் பரப்புபவர்கள் பொறுப்பு. அவனை விட்டுவிட்டு ஊக்குக்குச் சுற்றறிக்கை எழுதும் நிர்வாகம் பொறுப்பு. இதைத்தான் எழுத்தில் கேட்டேன். அவளும் கையெழுத்திட்டாள். இன்னும் பதில் வரவில்லை. இந்த ஆண்டு விழாவுக்கு அவள் பெயர் கொடுத்திருக்கிறாள். அதே நடனம், அதே சேலை. எத்தனை ஊக்கு என்று நான் கேட்கவில்லை.