திடலின் சாவி யார் கையில்?

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து ஏறுகிற ஜனங்கள் அந்தப் படிகளை நன்றாக அறிவார்கள். ஆனால் அந்த மலையைச் சுற்றியுள்ள கிராமங்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. அறுவடை முடிந்து தை பிறந்ததும் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி, கட்டி உடைத்து, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போட்டுச் சடுகுடு ஆடுகிற வாலிபர் கூட்டம் அது. யார் இவர்கள்? பகலெல்லாம் கரும்பு வெட்டுகிறவர்கள். பொதட்டூர்ப்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் நள்ளிரவில் திரும்புகிறவர்கள். இவர்கள் சேர்ந்து நடத்துவதுதான் நம் ஊர்க் கபடிக் குழு.

1960 ஏப்ரல் 1ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. ராஜ்யங்களின் எல்லைக் கோடு மாறியது; ஆட்டத்தின் நடுக்கோடு மாறவில்லை. இந்தப் பக்கம் சடுகுடு, நகரிப் பக்கம் செடுகுடு. பேச்சு வேறு, மூச்சு ஒன்றே.

இந்தக் குழுக்களைச் சுற்றி இன்று ஒரு வாதம் நடக்கிறது. மண் திடல் வேண்டுமா, நவீன ஸ்டேடியம் வேண்டுமா என்பதே வாதம். "மண்ணில் ஆடினால்தான் சடுகுடு, ரப்பர் மேட்டில் ஆடுவது வேடிக்கை" என்கிறார்கள் பழைய ஆட்டக்காரர்கள். "மண்ணின் காலம் முடிந்துவிட்டது, கூரையும் மேட்டும் இல்லாத ஊரில் ஆட்டம் எதற்கு?" என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதிப் பாதியை நாம் சொல்லியாக வேண்டும்.

மண்ணின் பெருமையும் குறையும்

மண் திடல் நமக்கு என்ன கொடுத்தது? தூத்துக்குடி ஜில்லா மணத்தி கிராமத்து கணேசனைக் கொடுத்தது. அவர் 1994ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜுனா விருது பெற்றவர். கபடி 1990ல் பீகிங் ஆசிய விளையாட்டில் முதன்முதலாகப் பதக்க ஆட்டம் ஆயிற்று. அன்று முதல் 2014 வரை ஆண்கள் தங்கம் இந்தியாவை விட்டுப் போகவில்லை. அந்தத் தங்கங்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் புழுதித் திடல்கள் இருந்தன. அவற்றுக்கு டிக்கெட் இல்லை, பூட்டு இல்லை, சந்தா இல்லை.

ஆனால் மண்ணின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் திடல் சேறு. ஆட்டம் மாதக் கணக்கில் நின்று போகும். மறைந்து கிடக்கும் ஒரு கூழாங்கல் முழங்கால் சில்லைப் பதம் பார்த்துவிடும். விளக்கு இல்லாததால் ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிக்குப் பயிற்சி இல்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். உடை மாற்ற ஒரு மறைவு கிடையாது, கழிப்பிடம் கிடையாது. வயலில் ஆணுக்குச் சமமாக உழைக்கிற பெண், இருட்டிய பிறகு திடலில் நிற்க முடியவில்லை என்றால் அது திடலின் பெருமையாகுமா?

இன்னொரு உண்மையும் உண்டு. இன்று தேசியப் போட்டியும் ஆசிய விளையாட்டும் மேட் மீதுதான் நடக்கின்றன. மண்ணில் வெறுங்கால் வழுக்கிக் கொடுக்கும். மேட்டில் காலணி அட்டை போல் ஒட்டிப் பிடிக்கும். மண்ணில் மட்டும் பழகியவன் மேட்டில் சட்டென்று திரும்பினால் கால் நிற்கும், முழங்கால் திருகும். ஜில்லாத் தேர்வுக்குப் போகிற ஏழை வீட்டுப் பிள்ளை இரவல் காலணியோடு முதன்முதலாக மேட்டில் ஏறுகிறான். நகரத்தில் மேட்டிலேயே வளர்ந்தவனிடம் தோற்றுத் திரும்புகிறான். அவன் திறமையில் தோற்றானா? இல்லை, வசதியில் தோற்றான்! 2018ல் ஜாகர்த்தாவில் இந்தியாவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஈரானிடம் தோற்றன. ஆட்டத்தைப் பெற்றெடுத்த ஊர் என்பதற்காக மட்டும் வெற்றி வந்துவிடாது என்பதை அன்று உலகம் கண்டது.

எனவே மேட் வேண்டும், கூரை வேண்டும், விளக்கு வேண்டும். பழைய பெருமை பேசி இவற்றை மறுப்பவர்கள் நம் பிள்ளைகளுக்கு நல்லது செய்யவில்லை.

பஞ்சாலை நகரம் கற்ற பாடம்

அப்படியானால் ஸ்டேடியம் கட்டிவிட்டால் போதுமா? கடல் கடந்த ஒரு கதையைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம். பந்தை அணைத்துக்கொண்டு ஒருவர் ஓட, எதிரணி மடக்கிப் பிடிக்கும். வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வளர்த்த ஆட்டம் அது. சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடு செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். பணக்காரர் கையிலிருந்த ரக்பி சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29ந் தேதி வடக்குக் குழுக்கள் ஹட்டர்ஸ்பீல்டு நகரில் கூடித் தனியே பிரிந்தன. கூலிக்காகப் பிறந்த ஆட்டம் என்றே சொல்லலாம்.

நூறு ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது? விகன் நகரத்துக் குழு பெரிய குழு. 1999ல் அது பழைய சென்ட்ரல் பார்க் திடலை விட்டுப் புதிய ஸ்டேடியத்துக்குப் போனது. பழைய திடல் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது. ஓல்டாம் பஞ்சாலை நகரம். அதன் சிறிய குழு 1889 முதல் ஆடிவந்த வாட்டர்ஷெடிங்ஸ் திடல் 1997ல் கைவிட்டுப் போயிற்று. அங்கே வீடுகள் எழுந்தன. அதே ஆண்டில் குழுவும் கடனில் மூழ்கிக் கலைந்தது. மீண்டும் எழுந்த குழு ஆண்டுக் கணக்கில் பிறர் திடல்களில் ஒண்டுக் குடித்தனம் நடத்தியது. பெரியவனுக்குப் புது ஸ்டேடியம், சிறியவனுக்குத் தெரு! பழையது போய்ப் புதியது வரும்போது, நிலம் யார் பெயரில் இருக்கிறது, சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்காதவர் கதி இதுதான்.

மணிக்கு 120 ரூபாய்

இங்கிலாந்து தூரம் என்றால், சென்னை பக்கம்தான். 2025ல் சென்னை மாநகராட்சி, செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கத் தீர்மானம் போட்டது. ஆட வருகிற ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் என்றார்கள். வியாசர்பாடி போன்ற இடங்களில் தெருவிலிருந்து ஆட்டக்காரர்கள் எழுந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மணிக்கு 120 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? எதிர்ப்பு கிளம்பியது; தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புழுதித் திடலுக்குக் கட்டணம் கேட்க எவனுக்கும் தோன்றவில்லை. புல் விரித்த மறுநாளே கல்லாப் பெட்டி வந்துவிடுகிறது!

அதே 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில், கண்ணகி நகர் கார்த்திகா தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடினார். கண்ணகி நகர் எது? சென்னைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஜனங்களைக் குடியமர்த்திய இடம். அங்கே பெண்கள் பழகியது பெரிய ஸ்டேடியத்தில் அல்ல, குடியிருப்புப் பூங்காவில். வீட்டுக்குப் பக்கத்தில், காசில்லாமல், பயமில்லாமல் ஆட ஓர் இடம் கிடைத்தால் உழைப்பாளி வீட்டுப் பெண் எவ்வளவு தூரம் போவாள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நாம் கேட்பது

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாய் என்று மாநில சர்க்கார் திட்டம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் திருத்தணித் தொகுதி சின்னதல்ல. பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கு வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பஸ் பயணம். வேலை முடிந்து வந்த விவசாயத் தொழிலாளி பயிற்சிக்காக அவ்வளவு தூரம் போய், கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்புவானா? 2006 முதல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் விளையாட்டுத் திடல் அமைத்தார்கள். உங்கள் ஊர்த் திடல் இன்று எப்படி இருக்கிறது? அதில் பிள்ளைகள் ஆடுகிறார்களா, வேலிக்காத்தான் ஆடுகிறதா? போய்ப் பாருங்கள்!

நாம் கேட்பது நான்குதான். முதலாவது, ஒவ்வொரு ஊர் மண் திடலும் விளையாட்டுத் திடல் என்று ஊராட்சிக் கணக்கில் பதிவாக வேண்டும். அளந்து கல் நட வேண்டும். மனைப் பிரிவுக்கோ கட்டடத்துக்கோ எடுக்கக் கூடாது. இரண்டாவது, ஒன்றியத்துக்கு ஒரு மேட்டாவது கூரையின் கீழ் வேண்டும். கபடித் தளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம்தான். இதற்கு மாளிகை தேவையில்லை, நல்ல கொட்டகை போதும். மூன்றாவது, கட்டணம் கூடாது. ஷிப்டு முடிந்து வருகிறவர் ஆட இரவு வரை விளக்கு எரிய வேண்டும். பெண்களுக்கு உடை மாற்றும் அறையும் கழிப்பிடமும் வேண்டும். நான்காவது, நிர்வாகக் கமிட்டியில் ஊர்க் குழுக்களின் பிரதிநிதிகள், பெண்கள் உட்பட, இருக்க வேண்டும். சாவி அவர்களிடமும் இருக்க வேண்டும்.

மண்ணா, மேட்டா என்று நம்மை நாமே அடித்துக்கொள்ள வேண்டாம். சிறுவர்கள் விழுந்து எழுந்து பழக மண் வேண்டும். ஜில்லாவுக்கும் தேசத்துக்கும் போக மேட் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க விடக் கூடாது.

மே 1ந் தேதி தொழிலாளர் தினம். அன்றுதான் கிராம சபையும் கூடுகிறது. ஊர்க் குழு வாலிபர்களே, விசைத்தறித் தோழர்களே, வயலில் பாடுபடும் சகோதரிகளே! அன்று கூட்டமாகப் போங்கள். திடலுக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுங்கள். அது பதிவாகும் வரை இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள். சடுகுடுவில் ஒருவன் மட்டும் பிடித்தால் எதிராளி உதறிவிட்டு ஓடிவிடுவான். ஏழு பேரும் கை கோத்துப் பிடித்தால் எங்கே ஓடுவான்?