கடன் இருந்தால் அமெரிக்காவில் ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ கிடைக்காதா?

க்ரெடிட் கார்டு பில்லை நாலைந்து மாசம் கட்டாமல் விட்டால், நம்ம ஊரில் சிபில் ஸ்கோர் சரியும். வசூல் ஏஜென்ட் போன் மேல் போன் போடுவார். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை சார்ந்த வேலையில் இருப்பவருக்கு, இதே பாக்கியால் வேலையே போகலாம்.

அரசு ரகசியங்களைக் கையாள அங்கே ‘செக்யூரிட்டி கிளியரன்ஸ்’ என்ற அனுமதி வேண்டும். இது உளவாளிகளுக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. ராணுவ வீரர், ஒப்பந்த நிறுவனத்தில் கோடு எழுதும் இன்ஜினீயர் எனப் பலருக்கும் தேவைப்படும். பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறார்கள். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது.

கடனுக்கும் ரகசியத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஆல்ட்ரிச் ஏம்ஸ் கதையைப் பார்த்தால் புரியும். சிஐஏ அதிகாரியான இவர், விவாகரத்து விவகாரத்தால் கடனில் மாட்டிக்கொண்டார். 1985-ல் வாஷிங்டனில் உள்ள சோவியத் தூதரகத்துக்குப் போய் ரகசியங்களை விற்றார். முதலில் கிடைத்தது 50,000 டாலர். பிறகு 5.4 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினார், அதுவும் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்து. அப்படியும் 1994 பிப்ரவரியில்தான் கைதானார். அவர் கடனைவிட, திடீர்ப் பணத்தைக் கவனிக்காமல் விட்டதுதான் பெரிய கோட்டை. இன்றைய விதிகளில் ‘கணக்குக் காட்ட முடியாத வசதி’யும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது.

2017 முதல் அமலில் உள்ள வழிகாட்டுதலில் 13 அம்சங்களை வைத்து ஒருவரை எடைபோடுகிறார்கள். அதில் ‘எஃப்’ பிரிவு பணம் பற்றியது. எஸ்எஃப்-86 என்ற நீண்ட விண்ணப்பத்தில், கடந்த 7 ஆண்டுகளில் திவால் மனு போட்டீர்களா, 120 நாட்களுக்கு மேல் ஏதாவது கடன் பாக்கி வைத்தீர்களா, வருமான வரி தாக்கல் செய்யாமல் விட்டீர்களா, சூதாட்டத்தால் எப்போதாவது பணச்சிக்கல் வந்ததா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

அப்போ எவ்வளவு கடன் வரை ஓகே?

இவ்வளவு டாலர் என்று வரம்பே கிடையாது. ஒழுங்காகக் கட்டிவரும் வீட்டுக் கடன் எவ்வளவு பெரிதானாலும் பிரச்சினை இல்லை. இருவருக்குத் தலா 30,000 டாலர் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஆஸ்பத்திரி செலவால் விழுந்தார். கடன் கொடுத்தவரிடம் பேசி மாதம் 200 டாலர் கட்டி, ரசீதையும் வைத்திருக்கிறார். இன்னொருவர் ஊர் சுற்றிச் செலவழித்தார். வந்த கடிதங்களைப் பிரிக்கவே இல்லை. முதலாமவருக்கு வாய்ப்பு அதிகம். வேலையிழப்பு, விவாகரத்து, உடல்நலக் குறைவு போன்றவை கையை மீறிய காரணங்களாக ஏற்கப்படும். ஆனால் அதற்குப் பிறகு அவர் பொறுப்பாக நடந்தாரா என்பதையும் பார்ப்பார்கள். திவால் மனு போட்டதாலேயே கதவு மூடிவிடாது.

கடனை மறைப்பதுதான் ஆபத்து. கிரெடிட் ரிப்போர்ட்டை அவர்களே எடுத்துப் பார்க்கிறார்கள், எப்படியும் தெரிந்துவிடும். தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறைகூடக் கிடைக்கலாம்.

அனுமதி வாங்கிவிட்டால் நிம்மதி என்றும் இருக்க முடியாது. முன்பு 5 அல்லது 10 ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மறுஆய்வுக்குப் பதிலாக, இப்போது தொடர் கண்காணிப்பு வந்துவிட்டது. தவணை தவறினால் அந்தத் தகவல் தானாகவே போய்ச் சேரலாம்.

அனுமதி மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் வரும். பதில் கொடுக்கலாம், ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், அனுமதி போனால் பெரும்பாலும் சம்பளமும் போகும், அப்புறம் அந்தக் கடனை எதை வைத்து அடைப்பது? நீதிமன்றத்தை நம்பவும் பெரிதாக வழியில்லை. இந்த அனுமதி யாருக்கும் உரிமை அல்ல என்று 1988-லேயே ஈகன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தேகம் என்று வந்தால், முடிவு விண்ணப்பதாரருக்கு எதிராகத்தான் இருக்கும்.