குளிர்காலையும் பழைய மோட்டார் சைக்கிளும்

பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும் ஜெயங்கொண்டத்து நெசவாளரின் நூலும் இன்றும் பல இடங்களில் பழைய மோட்டார் சைக்கிளில்தான் செல்கின்றன. மார்கழிக் குளிரில் அது கிளம்ப மறுத்தால் அன்றைய வரும்படி தடைப்படும். உடனே புதுக் கார்புரேட்டர் வாங்குவது சிக்கனமன்று என்பதே நமது கருத்து.

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே 'சோக்' காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலை மிகுதியாக்குகிறது. சோக்கைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் உதைத்தல் வேண்டும். பத்து உதைக்கும் கிளம்பாவிடில் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. காய்ந்திருப்பின் பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் குழாயையும் ஜெட்டையும் சுத்தம் செய்க. நனைந்திருப்பின் பெட்ரோல் மிகுந்துவிட்டது, அல்லது தீப்பொறி இல்லை. பிளக்கைத் துடைத்து உலர்த்தி, சோக்கை நீக்கி உதைக்க. அப்பொழுதும் பயனில்லையேல் முதலில் பிளக்கையே மாற்றுக.

இக்காலப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவோர், நெருப்பு அருகில் இல்லாத இடத்தில், கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோலை வடித்துவிடுதல் நலம்.

சங்கந்தோறும் ஒரு பிளக் ஸ்பானரும் இரண்டு புதுப் பிளக்குகளும் பொதுவில் இருக்கட்டும். அங்கத்தினர் பணம் வீணாகாது காப்பதும் கூட்டுறவே அன்றோ!