கண்ணபுரம் தாவணியில் ஒரு முழு நாள்

திருப்பூர் ஜில்லாவில் காங்கேயம் வட்டாரத்தைச் சேர்ந்த கண்ணபுரத்தில், சித்திரை மாதத்து மாரியம்மன் தேர்த்திருவிழாவை ஒட்டி மாட்டுத் தாவணி கூடுவது நெடுங்கால வழக்கமாகும். காங்கேய மாட்டுக்கென்றே பேர்பெற்ற கூட்டம் அது. அங்கு மாடு வாங்க வரும் குடியானவர்களில் பலர், வெயில் ஏறிய பின் வந்து, கண்ணிற்பட்ட நாலைந்து ஜோடிகளைப் பார்வையிட்டு, தரகர் ஒருவர் மூலம் பகற்போஜனத்துக்கு முன்பே பேரத்தை முடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். பத்து வருஷம் தம்முடன் உழைக்கப்போகும் ஒரு ஜோடியைத் தெரிந்தெடுப்பதற்கு இரண்டு மணி நேரம் போதும் என எண்ணுவது விந்தையே. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு அவசரப்படுவதில்லை.

தாவணி பல நாள் நடப்பதாகலின், முதல் நாளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கிவிட்டு, மறுநாள் வாங்குவது உசிதம். அம்முதல் நாளில் பணத்தை வீட்டிலேயே விட்டு வருவது அதனினும் உசிதம். மடியில் பணமிருப்பது தரகர் கண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

விடியுமுன் தாவணிக்குள் நுழைகிறவருக்கே மாடு படுத்தெழும் காட்சி கிட்டும். மாடு எழும்போது பின்பாகமே முதலில் உயரும். அப்பொழுது தயங்கித் தயங்கி எழுகிற மாட்டுக்கு இடுப்பிலோ காலிலோ குறை இருக்கக்கூடும். எழுந்ததும் கெட்டித் தரையில் பத்தடி நடத்திப் பார்த்தால், முன்கால் பதிந்த தடத்தின் அருகே பின்கால் வந்து விழுகிறதா, ஒரு புறம் சாய்கிறதா என்பதும் விளங்கும். மூக்கின் ஈரம், சாணத்தின் தன்மை, அசைபோடும் விதம் ஆகியவற்றை அறிவதற்கும் அந்த நேரமே தகுந்தது.

வெயில் ஏற ஏற நிலைமை மாறுகிறது. கொம்பு சீவி எண்ணெய் பூசப்படுகிறது. உப்புக் கலந்த தீவனம் வைத்து வேண்டிய மட்டும் தண்ணீர் காட்டுவதால், ஒட்டியிருந்த வயிறு நிரம்பிப் பொலிவுடன் காண்கிறது. கறவையாயின், காலைப்பாலைக் கறவாமல் விட்டு மடியைப் பருக்கச் செய்வாரும் உண்டு. விற்பவர் எல்லோரும் இவ்வாறு செய்வதாகச் சொல்வது அநியாயம். எனினும், காலையில் கண்ட அதே மாட்டை நடுப்பகலிலும் அந்தியிலும் மறுபடி காண்கிறவரை இவ்வுபாயங்களால் ஏமாற்றுதல் அரிது.

பல் பார்ப்பதும் அவசரத்தில் ஆகிற காரியமன்று. கீழ்த்தாடையின் முன்பற்கள் எட்டு. ஏறக்குறைய இரண்டு வயதுக்குமேல் நடு ஜோடிப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பின்னர் ஜோடி ஜோடியாக மாறி, நாலு நாலரை வயதளவில் எட்டும் சேர்ந்துவிடும். அதுவரை வயதை மாட்டின் வாயே சொல்லும். அதற்குமேல் பல்லின் தேய்மானத்தைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். விற்பவரின் வாய் நீளுவதும் அங்கேதான்.

நிறத்திலும் கவனம் வேண்டும். காங்கேயக் கன்று பிறக்கையில் செந்நிறமாகவே இருக்கும். சுமார் ஆறு மாதத்தில் அந்நிறம் மாறி மயிலையாகும். காளைக்குத் திமிலிலும் முன் பின் பாகங்களிலும் கருமை ஏறும். காயடித்த எருதுக்கு அக்கருமை வெளிறும். இதை அறியாத வெளியூரார், செங்கன்றைக் கலப்பு என்று தள்ளுவதும், கருமை ஏறிய காளையை வேறு ஜாதி என்று ஐயுறுவதும் உண்டு. சுழி பார்ப்பது பற்றித் தனியே எழுதலாம். இறங்குபூரான் சுழி இருப்பதாகச் சொல்லி, நன்றாய் உழைக்கும் எருதை விலை குறைத்துத் தள்ளுகிறவர்களால், அதில் நம்பிக்கை இல்லாதவருக்கே லாபம்.

இனி, பேரம். விற்பவரும் தரகரும் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றி விலை பேசுவது கொங்கு நாட்டுச் சந்தைகளில் பழகிப்போன முறை. ஒரு விரலைப் பற்றினால் ஒன்று, இரண்டைப் பற்றினால் இரண்டு. அது ஆயிரமா பதினாயிரமா என்பது மாட்டின் தரத்தைக் கொண்டே விளங்கும். சுற்றி நிற்கும் நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. இம்முறையை ஒரேயடியாகப் பழிப்பது முறையாகாது. கடன் தொல்லையால் விற்க வந்தவன் என்ன விலைக்கு இறங்கினான் என்பது ஊரார் வாயில் அடிபடாமல் காப்பது அந்தத் துண்டே. ஆயினும், அத்துண்டின் கீழ் நடப்பவற்றையெல்லாம் அறிந்தவர் தரகர் ஒருவரே. நாள் முழுதும் எத்தனையோ ஜோடிகளின் விலை அவர் விரல்களின் வழியாகவே செல்கிறது. மாட்டை வளர்த்தவருக்கோ தம் மாட்டின் விலை ஒன்றே தெரியும். அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும்.

இதனால் உண்டாகும் நஷ்டம், பேரத்தில் சில ஆயிரம் ரூபாய் போவதோடு நின்றுவிடுவதில்லை. கவலை இறைப்புக்கும் ஏருக்கும் வண்டிக்கும் எருது இன்றியமையாததாயிருந்த காலத்தில், காங்கேயக் காளைக்கன்றை வளர்ப்பதில் வருமானம் உறுதியாயிருந்தது. கிளுவை வேலி இட்டு, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்த்த கொறங்காடுகளில் குடியானவர்கள் இவ்வினத்தைப் பேணினர். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தேர்ந்த பொலிகாளைகளைக் கொண்டு இதனைச் செம்மைப்படுத்தினார். மின்சார இறைப்பும் டிராக்டரும் வந்தபின் எருதின் வேலை சுருங்கிற்று. 2014ஆம் வருஷத்தில் தடைப்பட்ட ஜல்லிக்கட்டு 2017இல் சட்டத்தால் மீண்டது முதல், காளைக்கன்றுகளை விரும்பித் தேடுவோர் உண்டு. ரேக்ளாவுக்கு வாங்குவோரும் உண்டு. ஆனால் அக்கன்றுகளை ஈனும் பசுவை எவர் தேடுகிறார்? காங்கேயப் பசு பொதுவாகச் சிறிதளவே பால் கறக்கும். பாலை நம்பி அதனை எவரும் வளர்ப்பதில்லை. கன்றின் விலையே அப்பசுவுக்கு ஜீவனாம்சம். அவ்விலை இன்னதென வளர்ப்பவருக்குத் தெரியாமற்போனால், கன்றைக் குறைந்த விலைக்குத் தந்துவிட்டு, பசு வளர்ப்பதில் பயனில்லை என்று கருதி, அதையும் அடுத்த சந்தையில் கழித்துவிடுவார். கொறங்காட்டை உழுதோ விற்றோவிடுவது அதற்கு அடுத்த படி.

இங்கே கிராம அதிகாரிகளும் பஞ்சாயத்தாரும் செய்யத்தக்கது பெரிய செலவுள்ள காரியமன்று. விற்றவர் வாங்கியவர் பெயரின்றி, மாட்டின் பல், நிறம், ஜோடியா ஒற்றையா என்னும் விவரம், விலை ஆகியவற்றை மாத்திரம் அந்தந்த நாள் மாலையில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். பேர் வெளிவராதாகையால் துண்டு காத்த மானமும் காக்கப்படும். சுங்கம் வாங்கும் சந்தைகளில் சீட்டிலேயே விலைக்கும் ஓர் இடம் விட்டால் கணக்கு தானே சேரும். பழையகோட்டையில் காங்கேய மாடுகளுக்கென ஞாயிறுதோறும் கூடும் தாவணியைப் பற்றி, வந்த மாடுகளின் தொகையும் உயர்ந்த விலையும் நாளிதழ்களில் வெளியானதுண்டு. அதனால் தரகு அழிந்துவிடவில்லை. விற்க வருகிறவர் ஒரு விலையை மனத்திற்கொண்டு வர ஏதுவாயிற்று. தரகரில் யோக்கியமானவர்கள் இப்பலகையை எதிர்க்கக் காரணமில்லை.

முழு நாள் தங்கச் சொல்வதாயின், தங்குவதற்கு வசதியும் வேண்டும். சித்திரை வெயிலில் மாட்டுக்கு நிழலும் தொட்டித் தண்ணீரும் இல்லாத மைதானத்தில், நல்ல மாட்டையும் பகலுக்குள் விற்றுத் தீர்க்கவே உடையவர் துடிப்பார். அவ்வவசரம் வாங்குவோருக்கு லாபமாகத் தோன்றினாலும், வளர்ப்போரை அடுத்த வருஷம் வரவொட்டாமல் செய்யும். பல ஊர் மாடுகள் ஒரு தொட்டியில் வாய்வைப்பதால் கோமாரி பரவ இடமுண்டாதலின், தொட்டிகள் பலவாயிருப்பதும், நுழைவாயிலில் கால்நடை மருத்துவர் ஒருவர் இருப்பதும் அவசியம். மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு தடுப்பூசி விவரத்தை அறிய இயலும். விலை பேசுமுன் அதைக் கேட்பதற்கு வாங்குவோர் கூச்சப்பட வேண்டுவதில்லை.

பேரம் முடிந்து, புதுக் கயிறு பூட்டி வீடு சேர்த்த மாட்டை உடனே தொழுவத்து மாடுகளுடன் பிணைத்தல் ஆகாது. மூன்று வாரமேனும் தனிக் கொட்டகையில், தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கான கொட்டகையைத் தாவணிக்குப் புறப்படும் முன்பே போட்டு வைத்துவிட்டால், மாட்டை ஓட்டி வந்த இரவில் இடம் தேடி அலைய நேராது.