உதிரிபாகம் இல்லாத இயந்திரம் எதற்கு?



விறகு பிளக்கும் ஹைட்ராலிக் இயந்திரம் கோடாரி வேலையைக் குறைத்தது உண்மை. ஆனால் முடிச்சு விழுந்த புளியங்கட்டையை நெருக்கும்போது சிலிண்டரின் ஆயில் சீல் கிழிந்தால் வேலை அப்படியே நின்றுவிடுகிறது. போனது சின்ன வளையம்தான்; அளவு எங்கும் குறிப்பிடப்படாததால் உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்க முடியவில்லை. விற்றவரோ முழு சிலிண்டரையும் மாற்றச் சொல்கிறார். ஆயில் பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஃபில்டர் அடைத்தால் பம்ப் தேயும் என்று எச்சரிக்கும் தமிழ்க் கையேடும் தரவில்லை.

மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் வேளாண் கருவிகளையும் உள்ளடக்கியது. விறகு பிளக்கும் இயந்திரத் தயாரிப்பாளர்களும் சீல் அளவு, பம்ப் விவரம், உதிரிபாக விலை ஆகியவற்றை அதில் வெளியிட வேண்டும். இயந்திரம் நின்றால் கூலியாட்களின் அன்றைய வருமானமும் போகிறது.

– விறகுக் கடைக்காரர், மணப்பாறை