சாகசம் சொல்வதும் சட்டம் சொல்லாததும்

கடலில் சேரும் பிளாஸ்டிக் கழிவுகளைப் பற்றி உலகுக்கு உணர்த்த உயிரைப் பணயம் வைத்தவர்கள் உண்டு. சுமார் 12,500 பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொண்டு கட்டப்பட்ட "பிளாஸ்டிக்கி" என்ற பாய்மரப் படகில், டேவிட் டி ராத்ஸ்சைல்டும் குழுவினரும் 2010-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் இருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து சிட்னி சேர்ந்தனர். கென்யாவின் லாமு தீவில், தூக்கியெறியப்பட்ட பிளாஸ்டிக்கையும் ரப்பர் செருப்புகளையும் கொண்டு உருவான "பிளிப்பிளாப்பி" என்ற பாய்மரக் கலம் 2019-இல் சான்சிபார் வரை சென்றது. நம் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் "தாரிணி" படகில் 2017 - 18-இல் உலகைச் சுற்றி வந்தபோது, கடல் மாசைக் கண்காணிப்பதும் அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

இத்தகைய பயணங்கள் மக்களின் கவனத்தை ஈர்க்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்தக் கவனம் சட்டமாக மாறுகிறதா என்பதே கேள்வி.

கொச்சியில் மட்டாஞ்சேரியை ஒட்டிய கடற்கரையில் சீன வலைகளை இழுப்போருக்கு பிளாஸ்டிக்கைப் பார்க்க எந்த சாகசமும் தேவையில்லை. வலை மேலே வரும்போது மீனோடு பாலிதீன் பைகளும் பாட்டில்களும் வருகின்றன. கழிவைப் பிரித்தெறிவதற்குக் கூலி கொடுப்பார் யாருமில்லை.

அந்தக் கொச்சிக்கு வந்துகொண்டிருந்த "எம்.எஸ்.சி. எல்சா 3" என்ற லைபீரியக் கொடியேந்திய சரக்குக் கப்பல், 2025 மே 25-ஆம் தேதி 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டனர். ஆனால், கப்பலில் இருந்த சிறு பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையெங்கும் ஒதுங்கின. கன்னியாகுமரி, தனுஷ்கோடி கரைகளையும் அவை விட்டுவைக்கவில்லை. கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ரூ. 9,531 கோடி இழப்பீடு கோரி உயர் நீதிமன்றத்தை அணுகியது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு உடனடி நிவாரணமாக அறிவிக்கப்பட்டது ரூ. 1,000 ரொக்கமும் 6 கிலோ அரிசியும்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய வணிகக் கப்பல் மசோதா நாடாளுமன்றத்தில் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான அம்மசோதா, பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடர்பான அமளிக்கிடையே மக்களவையில் நிறைவேறியது. கடல் மாசு தொடர்பான சர்வதேச உடன்பாடுகளுக்கு ஏற்ப நம் சட்டத்தைச் சீரமைப்பது அதன் நோக்கம். நல்லதுதான். ஆனால், பிளாஸ்டிக் மணிகளைக் கப்பலில் ஏற்றிச் செல்வது குறித்து சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024-இல் வெளியிட்டவை கட்டாயமற்ற பரிந்துரைகளே. 2021-இல் கொழும்பு அருகே "எக்ஸ்பிரஸ் பேர்ல்" கப்பல் எரிந்து, சுமார் 1,680 டன் மணிகளுடன் நாசமான பிறகும் நிலைமை இதுதான்.

மசோதா நிறைவேறிய அதே நாள்களில், உலக பிளாஸ்டிக் ஒப்பந்தத்துக்கான பேச்சு ஜெனீவாவில் நடந்தது. ஒப்பந்தம் ஏற்படாமலேயே அது கலைந்தது. பிளாஸ்டிக் உற்பத்திக்கு உச்சவரம்பு விதிப்பதை இந்தியா ஏற்கவில்லை. வளரும் நாடுகளின் தொழில் வளர்ச்சி பாதிக்கும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். அப்படியானால், மணிகளை அபாயகரமான சரக்காக அறிவிக்க வேண்டும் என்று குரல் கொடுப்பதில் இந்தியாவுக்கு என்ன தயக்கம்? எந்த ஆலையும் அதனால் மூடப்படப் போவதில்லை.

உள்நாட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. கொல்லம் சக்திகுளங்கரையில் 2017-இல் "சுசித்வ சாகரம்" என்ற திட்டத்தை கேரள அரசு தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கரைக்குக் கொண்டுவந்தனர். பெண்கள் அதைத் தரம் பிரித்தனர். பொடியாக்கப்பட்ட பிளாஸ்டிக் சாலை போடப் பயன்பட்டது. ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் இதைச் செயல்படுத்தி, கொண்டுவரும் ஒவ்வொரு கிலோவுக்கும் மத்திய அரசு விலை கொடுத்தால் என்ன?

கேரள, தமிழக உறுப்பினர்கள் மீனவர் பிரச்னைகளுக்காக அவையில் தனித்தனியே குரல் எழுப்புவது வழக்கம். கொச்சியில் கொட்டியது தனுஷ்கோடியில் ஒதுங்கிய பிறகாவது அவர்கள் ஒன்றாக எழ வேண்டாமா? பெருங்கடலைக் கடந்து சென்றவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அவையில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பதற்கு அத்தனை துணிச்சல் தேவையில்லை.