பிரேக் காலிபர் ஜாம்... 'வாரண்டியில வராது'ன்னு சொன்னா நம்பிடலாமா?

மதுரையிலிருந்து நான்கு வழிச் சாலையில் வர்றீங்க. விருதுநகரைத் தாண்டி, கலெக்டர் ஆபீஸ், சூலக்கரை பக்கம் வரும்போது காருக்குள் ஒரு கருகல் வாசனை. கார் லேசாக இடது பக்கம் இழுக்கிறது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், மூணு சக்கரம் சாதாரணமா இருக்கு. முன்பக்க இடது சக்கரத்துப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அப்படி ஒரு அனல்!

பிரேக்கிலிருந்து நீங்கள் காலை எடுத்துவிட்டீர்கள். ஆனால் அந்தச் சக்கரத்தை பிரேக் விடவில்லை. மெக்கானிக் பாஷையில் சொன்னால், காலிபர் ஜாம்.

வண்டி வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. வாரண்டி இருக்கிற தைரியத்தில் சர்வீஸ் சென்டருக்குப் போனால், கவுன்ட்டரில் வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சார், பிரேக் எல்லாம் தேயுற அயிட்டம். வாரண்டியில வராது." நம்மில் பலர் அங்கேயே யு.பி.ஐ-யை ஸ்கேன் பண்ணிவிட்டு வந்துவிடுகிறோம். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை.

தேயுறது எது, ஜாம் ஆகுறது எது?

பிரேக் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில், காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடைத் தள்ள, பேட் டிஸ்க்கைக் கவ்வுகிறது. காலை எடுத்ததும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளும். இந்த வேலையில் உரசித் தேய்வது பேடும் டிஸ்க்கும்தான். காலிபர் உரசுகிற பொருளே இல்லை. பிஸ்டனில் துரு பிடித்தாலோ, சீல் கெட்டாலோ, காலிபர் நகர்வதற்கான பின்னில் கிரீஸ் காய்ந்தாலோதான் அது சிக்கிக்கொள்ளும்.

பேட் தேய்ந்தால் நம் செலவு. அதில் சண்டை போட ஒன்றுமில்லை. ஆனால் பேடுக்குச் சொல்ல வேண்டிய பதிலை காலிபருக்கும் சேர்த்துச் சொல்வதுதான் பிரச்னை. வாரண்டி புத்தகத்தில் 'சேராதவை' என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் காலிபர் என்ற பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், "இது எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. மாருதி 2024 ஜூலையில் தன் சாதாரண வாரண்டியையே 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ என்று நீட்டியது. ஆகவே, இந்தக் கேள்வி கேட்க நிறைய பேருக்கு இன்னும் நாள் இருக்கு.

கம்பெனி பக்க நியாயத்தையும் சொல்லிடணும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால்தான் பொதுவாக ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சர்வீஸைத் தள்ளிப்போட்டு, காரை மாசக்கணக்கில் உறை போட்டு நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு ஊருக்கு வந்து எடுத்தால் ஜாம் ஆகிக் கிடக்கலாம். அப்போது 'பராமரிப்பு சரியில்லை' என்று அவர்கள் சொன்னால், மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ராயல் என்ஃபீல்டு சொன்ன பதில்

"துரு பிடிச்சா அது வெளிக்காரணம் சார், கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?" இதற்கான பதில் நம்ம சென்னை கம்பெனியிடமே இருக்கு. 2020 ஜூனில் ராயல் என்ஃபீல்டு, பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் விற்ற இன்டர்செப்டர், கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயன் பைக்குகளில் சுமார் 15,200-ஐத் திரும்ப அழைத்தது. காரணம், பிரேக் காலிபர். அந்த ஊர்களில் பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவுவார்கள். அது தொடர்ந்து பட்டதில் காலிபர் அரித்து, சத்தமும், பிரேக் விடாமல் பிடிப்பதும் வந்தது.

உப்பைத் தூவியது கம்பெனி இல்லை. ஓட்டியவர்களும் தப்பு செய்யவில்லை. ஆனாலும் 'வெளிக்காரணம்' என்று கை கழுவாமல் கம்பெனி பொறுப்பெடுத்தது. ஓடப்போகிற ஊரின் சாலையைத் தாங்குகிற காலிபரைக் கொடுப்பது தயாரித்தவரின் வேலை என்பதுதானே இதன் அர்த்தம்? விருதுநகர் பக்கம் பனியும் இல்லை, உப்புச் சாலையும் இல்லை. தூசியும் வெயிலும்தான். ஒழுங்காக சர்வீஸ் செய்த கார், ரெண்டே வருஷத்தில் இங்கே ஜாம் ஆனால், கேள்வி இன்னும் வலுவாகிறது.

'வெளியில கை வச்சுட்டீங்க...'

நடுவழியில் நின்றால் என்ன செய்வோம்? பைபாஸ் ஓரத்து மெக்கானிக் அண்ணனைத்தான் கூப்பிடுவோம். அவர் சக்கரத்தைக் கழற்றி, பிஸ்டனைத் தள்ளி, பின்னுக்கு கிரீஸ் வைத்து அனுப்புவார். அப்புறம் சர்வீஸ் சென்டரில், "வெளியில கை வச்சுட்டீங்க, வாரண்டி போச்சு" என்பார்கள்.

அப்படி மொத்தமாகச் சொல்லக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. உதிரிபாக வழக்கில் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த அதே உத்தரவு. வெளி மெக்கானிக்கின் தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ, அந்த அளவுக்கு மட்டும் வாரண்டியை மறுக்கலாம் என்றது ஆணையம். மூன்று கம்பெனிகளின் மேல்முறையீட்டில், 2016-ல் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது; ஆனால் தவறு நடந்தது என்பதை ஏற்றுக்கொண்டது. பத்து வருஷம் தாண்டியும் கவுன்ட்டர்களில் பழைய வசனம் மாறவில்லை என்பதுதான் எரிச்சல்.

அதுக்காக, மெக்கானிக் கை வைத்ததை மறைக்காதீங்க. கழற்றுவதற்கு முன்பே போட்டோ, வீடியோ எடுத்துடுங்க. என்ன செய்தார் என்று ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்க. அனலடிக்கும் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீங்க, டிஸ்க் வளைந்துவிடலாம். 'பக்கத்துலதானே வீடு'ன்னு அப்படியே ஓட்டவும் வேணாம். சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால், பெடல் மிதித்தும் பிரேக் பிடிக்காது.

சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு எழுதும்போது எட்டிப் பாருங்கள். 'பிரேக் செக்கப்' என்று எழுதினால் ஒத்துக்காதீங்க. 'இடது முன் காலிபர் ஜாம், பேட் விடவில்லை' என்று, கி.மீ-யோடு இருக்கணும். மறுத்தால், காரணத்தை இமெயிலில் கேளுங்கள். காசு கொடுத்து மாற்ற நேர்ந்தால், பழைய காலிபரைக் கேட்டு வாங்கி வையுங்கள். குறை இருக்கா இல்லையா என்று பரிசோதித்தால்தான் தெரியும் என்ற நிலை வந்தால், நுகர்வோர் ஆணையம் பொருளை லேபுக்கு அனுப்பும். பொருளே இல்லைன்னா எதை அனுப்புவாங்க?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் முடியலைன்னா மாவட்ட ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கு. 2019 சட்டப்படி, காரை சென்னையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் போடணும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலேயே மனு போடலாம்.

சிவகாசிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பட்டாசு கம்பெனி, பிரின்டிங் பிரஸ் பெயரில் கார் வாங்கியிருந்தால், 'இது வணிக உபயோகம், நீங்க நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே கிளப்பும். சொந்தமாக வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்தத் தடை கிடையாது. சட்டமே விலக்கு கொடுத்திருக்கு.

ஒரே மாடலில் நிறைய பேருக்கு இதே ஜாம் என்றால் வேற வழியும் இருக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, 7 வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளில் பாதுகாப்புக் குறை பற்றிய புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால், திரும்ப அழைக்கச் சொல்லி மத்திய அரசே உத்தரவிடலாம். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. இன்ஸ்டாவில் போடும் ரீல்ஸ் அந்தக் கணக்கில் சேராது. வாகன் தளத்தில் பதிந்த புகார்தான் சேரும்.